திரைக்கு வெளியே: தமிழ்ச் சுயாதீன இசையின் பரவலும் உரிமைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் 'சுயாதீன இசை' என்பது பெரும்பாலும் திரைப்படத்தைச் சாராத இசை என்றே பொருள்படுகிறது. ஒலிநாடாக் காலம் முதல் இணையவழி ஒலிபரப்புக் காலம் வரை அவ்விசை வெகுமக்களை அடைந்த வழிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பரவலுக்கு இருந்த தடைகள் தகர்ந்த அளவுக்குப் படைப்புரிமைக்கு இருந்த தடைகள் தகரவில்லை என்பதை 2018 முதல் 2024 வரையிலான நிகழ்வுகளைக் கொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீன இசை, திரையிசை, ஒலிநாடா, கானா, சொல்லிசை, பதிப்புரிமை, மலையகத் தமிழர்

சொல்லும் பொருளும்

தமிழ் இதழ்களில் 'சுயாதீன இசை', 'தனியிசை', 'தற்சார்பு இசை' என்னும் சொற்கள் ஏறத்தாழ ஒரு பொருளிலேயே வழங்குகின்றன. பேச்சுவழக்கில் நிலைபெற்றிருப்பது 'ஆல்பம் பாட்டு' என்பதாகும். ஒரே ஒரு பாடலாக வெளிவந்தாலும் அது 'ஆல்பம் பாட்டு'தான். தொகுப்பு என்னும் மூலப்பொருள் அச்சொல்லில் தேய்ந்துபோய், 'எந்தப் படத்திலும் இடம்பெறாதது' என்னும் எதிர்மறைப் பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இப்பொருள் மாற்றம் தற்செயலானதன்று.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 'இண்டி' என்னும் வழக்கு பெரும் இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராமையைக் குறித்தது. 1977இன் தொடக்கத்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு, உற்றார் நண்பர்களிடம் கடன் பெற்று, 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்னும் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. அவ்வழக்கின் தோற்றுவாய்களுள் ஒன்றாக இந்நிகழ்வு சுட்டப்படுகிறது. பாடியவரிடமே பதிவின் உடைமை இருக்க வேண்டும் என்பதே அங்கு 'சுயாதீனம்' என்னும் சொல்லின் கருவாக இருந்தது. தமிழ்ச் சூழலில் எதிர்முனையில் நின்றது இசைத்தட்டு நிறுவனமன்று, திரைப்படம். ஆகவே பன்னாட்டு நிறுவனம் ஒன்று முழு உரிமையும் பெற்று வெளியிடும் பாடலும், படத்தில் இல்லை என்னும் ஒரே காரணத்தால், இங்கே சுயாதீனப் பாடலாகிவிடுகிறது. பிற்காலச் சர்ச்சைகள் பலவும் இந்தப் பொருள் மயக்கத்திலிருந்தே கிளைத்தன.

திரைக்கு முன்னும் பின்னும்

திரைப்படம் வருவதற்கு முன்பே தமிழில் வெகுமக்கள் இசை இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்ற நாடகப் பாடகர்களின் இசைத்தட்டுகள் ஊர்தோறும் ஒலித்தன. நாடகமும் கிராமபோனும் சேர்ந்து உருவாக்கியிருந்த இசைச் சந்தையின் மீதுதான் தமிழ்ப் பேசும் படம் எழுந்தது என்பதை ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியானபோது, பாடல்களுக்காகப் படம் பார்க்கும் கூட்டம் முன்னரே ஆயத்தமாக இருந்தது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் இசைத்தட்டு வணிகத்திலிருந்து வந்த ஏ.வி. மெய்யப்பன், தமிழகத்தின் முதன்மையான படநிறுவனங்களுள் ஒன்றை நிறுவியது இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் சான்றாகும். தட்டு விற்றவர் படம் எடுத்தார். அதன்பின் படத்தின் பாடலே தட்டாயிற்று.

அடுத்த அரை நூற்றாண்டில் திரையிசை ஏனைய இசைகளையெல்லாம் உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றது. பாவலர் வரதராசனின் குழு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர்ஊராகப் பாடியது. அக்குழுவில் வளர்ந்த இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி' வழியாகத் திரைக்கு வந்தார். மேடை இசையின் மண்வாசனை திரைக்குக் கிடைத்தது. ஆனால் மேடைப் பாடகருக்கென்று தனித்த இசைச்சந்தை எதுவும் அதனால் உருவாகவில்லை.

இந்த உள்ளிழுப்புக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. இந்தியக் கலைநிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. படத்துக்கென ஊதியம் பெற்று எழுதப்படும் பாடலுக்கும் அமைக்கப்படும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்போடு உடன்பட்ட நீதியரசர் வி.ஆர். கிருஷ்ண ஐயர், கலைஞர்களின் நிலை குறித்துத் தனிக்குறிப்பொன்றைச் சேர்த்துச் சட்டமியற்றுவோரின் கவனத்தைக் கோரினார். கோரிக்கை செவிமடுக்கப்பட 35 ஆண்டுகள் ஆயின. மான்செஸ்டரில் நான்கு இளைஞர்கள் தம் பதிவுக்குத் தாமே உடைமையாளரான அதே ஆண்டில், இந்தியப் பாடலாசிரியர்களின் பதிப்புரிமை படத் தயாரிப்பாளரிடம் உறுதியாகச் சென்றடைந்தது. 'சுயாதீனம்' என்னும் ஒரே சொல்லுக்கு இருவேறு வரலாறுகள் அமைந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

ஒலிநாடாவின் காலம்

1970களின் இறுதியில் பரவத் தொடங்கிய ஒலிநாடா இந்த ஒற்றையாட்சியில் முதல் விரிசலை ஏற்படுத்தியது. பதிவுச் செலவு குறைந்தது, படியெடுப்பு எளிதாயிற்று. பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட ஒலிநாடாப் பண்பாடு பற்றிய நூல் வட இந்தியாவை மட்டுமே ஆராய்கிறது. எனினும் வட்டார மொழியிசையும் சமய இசையும் நாடாவால் புத்துயிர் பெற்றன என்னும் அவரது முடிவு தமிழகத்துக்கும் பெரிதும் பொருந்துகிறது. நாகூர் இ.எம். ஹனீபாவின் இசுலாமியப் பாடல்களும் கழகப் பாடல்களும், எல்.ஆர். ஈசுவரியின் மாரியம்மன் பாடல்களும் திரையின் துணையின்றி வெகுமக்கள் நினைவில் இடம்பிடித்தவை. ஆடி மாதத்தில் ஒலிபெருக்கி கட்டிய எந்தத் தெருவும் இதற்குச் சான்று. இன்றைய 'சுயாதீன இசை' வரலாறுகள் இப்பெயர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கிதாரும் நகர்ப்புற இளமையும் கலந்தால்தான் சுயாதீனம் என்னும் ஓர் எழுதப்படாத வரையறை அவ்விடுபடலுக்குப் பின்னால் இயங்குகிறது.

நாடாவின் மற்றொரு முகம் அரசியல் சார்ந்தது. நாட்டார் இசை ஆய்வாளரும் பாடகருமான கே.ஏ. குணசேகரன் (1955–2016) 'தன்னானே' குழுவின் வழியாகத் தலித் விடுதலைப் பாடல்களை மேடையேற்றினார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில் கூட்டங்கள்தோறும் ஒலித்தது. பல்கலைக்கழக வகுப்பறையையும் தெருமுனையையும் ஒருசேரத் தன் களமாகக் கொண்டவர் அவர். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்னும் பெயரில், கிராமிய மெட்டுகளைக் கிறித்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இழிந்ததாக ஒதுக்கப்பட்ட பறையையும் பேச்சுமொழியையும் தேவாலயத்துக்குள் கொண்டுசென்றது இறையியல் செயல் மட்டுமன்று, சாதியெதிர்ப்புச் செயலுமாகும் என்று ஜோ ஷெரினியன் 2014இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துரைக்கிறார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளும் இவ்வகை இசைக்கு நிலைத்த மேடையாக விளங்கின.

வடசென்னைக் கானாவின் பயணம் வேறுபட்டது. சாவு வீடுகளில் இரவு முழுதும் பாடப்பட்ட மரண கானாவும், நண்பர் கூட்டத்தில் கையில் கிடைத்ததைத் தட்டிப் பாடிய பாட்டும் 1990களில் தேவாவின் இசையமைப்பு வழியாகத் திரைக்குள் நுழைந்தன. ஆனால் கானாவின் சாயல் வந்த அளவுக்குக் கானாப் பாடகர்கள் வரவில்லை. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் தாமே பாடித் திரையிலும் தோன்றியபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. 2012இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா பாடினார். அப்படத்தின் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பின்னர் இவ்வரலாற்றின் மையத்துக்கு வரவிருந்தவர்கள்.

கடல் கடந்த பாட்டு

திரையிசைக்கு வெளியே ஒரு தமிழ் வெகுசன இசை உருவாக முடியும் என்பதை முதலில் மெய்ப்பித்தவை தமிழகத்துக்கு வெளியே இருந்த சமூகங்கள்தாம். இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் பைலாத் தாளத்தையும் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கையும் இணைத்துப் பாடிய பாடல்கள் 'பொப்பிசை' எனப் பெயர் பெற்று 1970களில் பெருவழக்காயின. சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்துக்கு வந்தது. 1977இல் அது தமிழ்ப் படம் ஒன்றிலும் இடம்பெற்றது. சுயாதீனமாகப் புகழ்பெறும் பாட்டு திரையை அடைவதே அதன் நிறைவு என்னும் வழக்கத்துக்கு இது முன்மாதிரி எனலாம்.

மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழு 1998இல் வெளியிட்ட பன்மொழித் தொகுப்பில் தமிழ்ச் சொல்லிசை இடம்பெற்றது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தமிழகக் கல்லூரி விடுதிகள் வரை பரவியது. அதில் மிகவும் புகழ்பெற்ற பாடல் 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா அமைத்த பாடலொன்றின் மீது கட்டப்பட்டது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. திரையை எதிர்த்து எழுந்த இசை திரையின் நினைவையே மூலப்பொருளாகக் கொண்டது. தமிழ்ச் செவியில் திரைப்பாடல் எத்துணை ஆழமாகப் படிந்திருந்தது என்பதற்கு அது சான்று. அதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. மறு ஆண்டே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில், மீண்டும் ஒரு பழைய திரைப்பாடலின் மறுவடிவத்தில், பங்கேற்றார்.

இணையம் திறந்த வாயில்

2010களில் காணொலித் தளங்கள் பரவியபோது வானொலி, தொலைக்காட்சி ஆகிய இரு வாயில்காப்போரையும் தவிர்க்க முடிந்தது. கோவையைச் சேர்ந்த ஆதி, ஜீவா இருவரின் ஹிப்ஹாப் தமிழா இணையத்தின் வழியாகவே அறிமுகமானது. 'கிளப்புல மப்புல' பாடல் பரவிய வேகமும், பெண்களைச் சாடும் அதன் பார்வைக்கு எழுந்த கண்டனமும் ஒருங்கே நிகழ்ந்தன. சுயாதீனம் என்பது தன்னளவிலேயே முற்போக்கானதன்று என்பதற்கு அப்பாடல் நல்ல நினைவூட்டல். 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. 2015இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களுக்கு அவர்கள் இசையமைத்தனர். சுயாதீனக் கலைஞனின் போராட்டத்தையே கதையாகக் கொண்ட 'மீசைய முறுக்கு' 2017இல் ஆதியின் இயக்கத்திலும் நடிப்பிலும் வெளியாயிற்று. ஐந்தே ஆண்டுகளில் திரைக்கு வெளியிலான வாழ்வு திரைக்கதையாகிவிட்டது.

இதே காலத்தில் வேறொரு நீரோட்டமும் வலுப்பெற்றது. 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரப் வெளியிட்ட 'கொடைக்கானல் வோன்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லிசைக் காணொலி, வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு பற்றியது. நெடுங்காலம் தேங்கிக் கிடந்த அச்சிக்கலில் உலகின் கவனத்தை அது ஈர்த்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிலாளர்களின் பல்லாண்டுப் போராட்டத்தை ஒரு பாட்டின் வெற்றியாகச் சுருக்குவது பிழை; ஆயினும் பாட்டின் பங்கை மறுக்கவும் இயலாது. 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தின் ஆக்கிரமிப்பைப் பேசியது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, டி.எம். கிருஷ்ணா கருநாடக இசையில் பாடினார். வசைச்சொல்லாகிவிட்ட 'புறம்போக்கு' அதன் பொதுநிலம் என்னும் பழைய பொருளோடு சபை இசையின் இராகங்களில் ஒலித்தது.

காணொலி வழியாக எல்லாரும் ஒரே அளவில் பாதுகாப்பாகப் பாடவில்லை என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், அரசு மதுக்கடைகளை மூடக் கோரிய பாடலுக்காக 2015 அக்டோபர் 30 அன்று தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். பத்தாண்டுகளாகத் தெருவில் பாடியபோது உள்ளூர் மட்டத்தில் நின்ற பாட்டு, இணையத்தில் ஏறியதும் அரசின் செவியை எட்டியது. பரவல் பெருகப் பெருக இடரும் பெருகியது.

சாதியற்ற மேடை

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடந்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி தமிழ்ச் சுயாதீன இசை வரலாற்றில் ஒரு திருப்பம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து 19 பேர் கொண்ட இக்குழுவை உருவாக்கின. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெறப்பட்டது. கானா, சொல்லிசை, ராக் ஆகிய மூன்றும் பறை, சட்டி, கட்டைமோளம், கிதார் ஆகியவற்றோடு ஒரே மேடையில் நின்றன. இட ஒதுக்கீடு, ஆணவக்கொலை, மாட்டிறைச்சி, மலக்குழி மரணம் என்பன பாடுபொருளாயின.

இங்கே புதிதாக நிகழ்ந்தது என்ன? குணசேகரனும் அப்பாவும் இதே பொருளை முன்பே பாடியுள்ளனர். கானாவும் முன்பே புகழ்பெற்றிருந்தது. திரையில் அதுவரை கானா நகைச்சுவைக்கோ குத்தாட்டத்துக்கோ உரிய வண்ணமாகவே பெரிதும் பயன்பட்டது. இம்மேடையில் அது சிந்தனையை ஏந்தும் வடிவமாக முன்னின்றது. கேட்போரும் சேரிகளிலிருந்தும் நகரின் ஏனைய பகுதிகளிலிருந்தும் ஒன்றுகூடினர். தொடக்கக் குழுவிலிருந்த ஒரே பெண்ணான இசைவாணி, ஆண்களின் கலையாகவே கருதப்பட்ட கானாவில் தனக்கென இடம்பெற்று, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். குழுவின் சொல்லிசைஞர் அறிவு, 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார்.

2020 டிசம்பரில் நீலம் அமைப்பு தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இம்முயற்சியின் அடுத்த படி. மார்கழி என்றாலே சபாக்களின் கருநாடக இசை என்றிருந்த நகரில், அதே மாதத்தில், பறையும் ஒப்பாரியும் கானாவும் மேடை பெற்றன. அடுத்த ஆண்டு அது மதுரைக்கும் கோவைக்கும் விரிந்தது. மாதத்தின் பெயரையே எடுத்துக்கொண்டதில்தான் அந்நிகழ்வின் அரசியல் அடங்கியிருக்கிறது. 'மக்களிசை விழா' என்று மட்டும் பெயரிட்டிருந்தால் அது மற்றுமொரு நாட்டார் கலைவிழாவாகக் கடந்துபோயிருக்கும்.

எனினும் இக்குழு திரையிலிருந்து முற்றிலும் விலகி நிற்கவில்லை. அதன் பின்புலத்தில் இருந்தவர் ஒரு திரைப்பட இயக்குநர். அறிவு அதே 2018இல் 'காலா'வுக்கும் பின்னர் 'மாஸ்டர்' படத்துக்கும் பாடல் எழுதினார். இதனை முரண் என்பதைவிட, தமிழ்ச் சூழலின் பொருளியல் என்பதே பொருந்தும். மேடை நிகழ்ச்சிகளாலோ இணைய வருவாயாலோ மட்டும் 19 பேர் வாழ இயலாது.

'எஞ்சாய் எஞ்சாமி'

2021 மார்ச் 7 அன்று மாஜா என்னும் நிறுவனத்தின் தளத்தில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' இவ்வரலாற்றின் உச்சமும் சிக்கலும் ஆகும். தீ, அறிவு இருவரும் பாடினர். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு சுயாதீனக் கலைஞர்களுக்கெனத் தொடங்கப்பட்ட தளமாக மாஜா அறிவிக்கப்பட்டிருந்தது. பாடல் சில ஆண்டுகளுக்குள் 40 கோடிப் பார்வைகளைக் கடந்தது. எந்தப் படமும் எந்த நட்சத்திரமும் துணையின்றி ஒரு தமிழ்ப்பாட்டு இவ்வளவு தொலைவு சென்றதற்கு முன்னோடி அரிது.

பாடலின் உள்ளடக்கம் அதன் புகழால் பெரிதும் மறைக்கப்பட்டது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்களாகப் பங்கிடப்பட்ட அம்மக்களின் நினைவு, ஒப்பாரியின் நடையிலும் மூதாதையரை விளிக்கும் முறையிலும் அப்பாடலுள் அமைந்துள்ளது. காடு திருத்தித் தோட்டம் வளர்த்தவருக்கே அதில் நிழல் இல்லை என்பதே அதன் துயரம். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக மக்கள் பாடல்களை அறிந்தோர்க்கு அத்துயரம் புதிதன்று. தேயிலையை வளர்த்தவர் தேயிலைக்கு உரியவராகவில்லை. பாடலின் பிற்கால வரலாறும் இதே வினாவை எழுப்பியது.

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் கனடியத் தமிழ்ச் சொல்லிசைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இவ்விடுபடலைப் பா. ரஞ்சித் பொதுவெளியில் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்தோடு மின்னட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடல் நிகழ்த்தப்பட்டது. சில நாள்களில் அறிவு, பாடலைத் தாமே அமைத்து எழுதிப் பாடியதாகவும், தம் மூதாதையரின் வரலாறே அப்பாடல் என்றும் அறிக்கை வெளியிட்டார். இசையமைப்பும் தயாரிப்பும் தம்முடையவை, வருவாயில் மூவருக்கும் சம பங்கு எனச் சந்தோஷ் நாராயணன் மறுமொழி கூறினார். அறிவின் பங்களிப்பைத் தாம் எங்கும் மறைத்ததில்லை எனத் தீ விளக்கினார்.

இவ்விவாதத்தில் எவர் பக்கம் உண்மை என்று தீர்ப்பது வரலாற்றாய்வின் வேலையன்று. அதற்கு அடியில் இரண்டு வகைப் படைப்புரிமைக் கோட்பாடுகள் மோதிக்கொண்டன என்பதே கருதத்தக்கது. இசைத்தொழிலின் நோக்கில் மெட்டமைப்பவர், ஒலிக்கோப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என வேலை பகுக்கப்படுகிறது. கானாவிலோ ஒப்பாரியிலோ சொல்லிசையிலோ அப்பகுப்பு இயல்பானதன்று. சொல் பிறக்கும்போதே அதன் ஓசையும் நடையும் உடன் பிறக்கின்றன. ஒப்பாரி வைக்கும் ஒருத்தியிடம் 'மெட்டு யாருடையது' என்று கேட்பது பொருளற்றது. அவ்வாறு பிறந்த பாட்டு ஒப்பந்தப் படிவத்துக்குள் நுழையும்போது ஏதேனும் ஒரு கட்டத்தில் அடைபட்டாக வேண்டும். அடைபடாதது கணக்கில் வராது. ஒலிபரப்புத் தளங்களில் பாடல் 'தீ' என்னும் பெயருக்குப் பின் 'உடன்: அறிவு' என்னும் பொருளில் பதிவாயிற்று. முதன்மைக் கலைஞர், உடன்பாடுபவர் என்னும் அந்த இரு கட்டங்களே அட்டைப்படங்களையும் விளம்பரப் பலகைகளையும் தீர்மானித்தன. அத்தகைய வரிசையில் யார் பின்னால் நிறுத்தப்படுகிறார் என்பதைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்னும் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

2024 மார்ச்சில் சிக்கல் இன்னொரு திசையில் திரும்பியது. பாடலிலிருந்து தமக்கு எவ்வித வருவாயும் வரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் காணொலி வாயிலாகக் குற்றஞ்சாட்டினார். மாஜா நிறுவனம் அதனை மறுத்தது. முன்னர் எதிரெதிராகக் கருதப்பட்ட கலைஞர்கள், வருவாயைப் பொறுத்தவரை ஒரே கரையில் நின்றிருந்தனர் என்பது அப்போது தெரியவந்தது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரைப்பாடலுக்குத் திரையரங்கிற்கு வெளியிலான பயன்பாட்டில் மட்டுமன்றி, திரை சாராத ஒலிப்பதிவிலும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெறவேண்டிய சமபங்கு உரிமத்தொகையைக் கைவிட முடியாத உரிமையாக்கியுள்ளது. 1977இல் நீதியரசர் கிருஷ்ண ஐயர் கோரியதன் விளைவு அது. எனினும் உரிமை ஏட்டில் இருப்பதும், எத்தனை முறை எந்நாட்டில் பாடல் கேட்கப்பட்டது, எவ்வளவு தொகை எவ்விடத்தில் தங்கியுள்ளது என்பதைக் கலைஞர் சரிபார்க்க இயல்வதும் வேறு வேறு. தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்துக்கு மாறாக இப்போது தளத்தின் கணக்கு இருக்கிறது.

முதன்மை நீரோட்டத்தில்

இதற்கிடையில் சூழல் முழுவதும் மாறிவிட்டது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் படங்கள் நின்றபோது திரை சாராத பாடல்களுக்கு வெற்றிடம் கிடைத்தது. திங்க் மியூசிக் நிறுவனம் 'திங்க் இண்டி' என்னும் கிளையைத் தொடங்கியது. 2023இல் குளிர்பான நிறுவனம் ஒன்றின் ஆதரவில் 'கோக் ஸ்டுடியோ தமிழ்' வந்தது. அதன் முதல் பருவத்தில் அறிவும் பங்கேற்றார். 2024 ஜனவரியில் வெளிவந்த சாய் அபயங்கரின் 'கட்சி சேர' பெரும்புகழ் பெற்றது. 2025இல் வெளியான 'டியூட்' மூலம் அவர் திரை இசையமைப்பாளரானார். யோகி பிக்கு ஓராண்டும் ஆதிக்கு மூன்றாண்டும் பிடித்த பயணம் இப்போது முன்திட்டமிட்ட பாதையாகியுள்ளது. திரைப்பாடல் விற்கும் நிறுவனமே சுயாதீனப் பாடலையும் விற்கிறது. அப்பாடல் படத்தயாரிப்பாளருக்குக் காட்டப்படும் முன்மாதிரியாகவும் அமைகிறது. இது வீழ்ச்சியன்று, 20 வயதுடைய ஒருவர் எவர் பரிந்துரையுமின்றித் தன் முதல் பாடலைக் கோடிக்கணக்கானோரிடம் சேர்க்க முடிவது முந்தைய தலைமுறை கனவிலும் காணாதது. ஆனால் சாய் அபயங்கர் பாடகர்கள் திப்பு, ஹரிணி ஆகியோரின் மகன் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். வாயில்கள் அகன்றிருக்கின்றன, ஆயினும் வாயிலின் அருகில் பிறந்தவருக்கு நடை இன்னும் குறைவு.

அதே 2024இல் அறிவு, தி அம்பஸா என்னும் தம் குழுவுடன், புதிய தொகுப்பொன்றை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.